இருவிரல் இசைவாணர் ஜாங்கோ

நரம்புக் கருவிகளுள் கித்தார் என்பது இன்று நம் மாணவர்க்கு மிகவும் அணிமையானதொன்று. மாலை மணி ஆறடித்தபின் விடுதியின் ஏதேனும் ஓர் அறையினின்று அதன் ஒலி எழாத நாள் இல்லை. அதனைக் கையிலெடுத்தோர் யாவரும் முதற்கண் பயில்வது சுர வரிசையே. ஏழு சுரங்களையும் ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும், விரல்கள் தாமே ஓடும்வரை, மெட்டு மெட்டாகப் பயில்வர். யானும் அவ்வாறே ஈராண்டு பயின்றேன். சென்ற ஆண்டு விடுதி விழாவில் பாட்டுக்கு நடுவே தனித்து வாசிக்கும் வாய்ப்பொன்று எனக்குக் கிடைத்தது. பயின்ற வரிசைகளையெல்லாம் ஒரு சுரமும் பிழையாது விரைந்து வாசித்தேன். கையொலியும் எழுந்தது. மேடையினின்று இறங்கிய பின்னர் மூத்த மாணவர் ஒருவர் என் தோளைத் தட்டி, வாசிப்பு நன்றே, ஆயினும் பதினாறாம் வாய்பாட்டை ஒப்பித்தது போன்றிருந்தது என்று கூறிச் சென்றார். அவர் சினந்து கூறினாரல்லர். அதனாலேயே அச்சொல் மிகுதியும் சுட்டது.

வாசித்தவை யாவும் சரியான சுரங்கள். அவற்றுள் என்னுடையது என்று சொல்லத்தக்கது எது? இவ்வினா நெஞ்சை விட்டு நீங்காதிருந்த நாளில், ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவருடைய பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்க நேர்ந்தது. அவர் கையாண்ட சுரங்களும் அதே ஏழு. அவற்றின் இடையிடையே நிற்பனவற்றைக் கூட்டினும் பன்னிரண்டே. பதின்மூன்றாவது சுரம் ஒன்றை அவர் எங்கிருந்தும் கொண்டுவந்தாரல்லர். அன்றியும், இடக்கையில் அவருக்கு இசைவரி வாசிக்கப் பயன்பட்ட விரல்கள் இரண்டே. எனக்கு நான்கும் நலமாய் உள்ளன. அவர் வாசிப்பில் ஒவ்வோர் அடியும் புதியதாய்ப் பிறக்க, என் வாசிப்பு வாய்பாடாய் முடிந்தது எங்ஙனம் என்று அறியும் ஆவலே அன்னாருடைய வாழ்க்கையைத் தேடிக் கற்கத் தூண்டிற்று.

ஜாங்கோவின் இயற்பெயர் ழான் ரைன்ஹார்ட் என்பது. அவர் பெல்ஜியம் நாட்டில் லிபெர்ஷீ என்னும் சிற்றூரில் 1910-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 23-ஆம் நாள் பிறந்தார். பிறந்தது அவ்வூரிலாயினும், அஃது அவர்தம் சொந்த ஊரன்று. சொந்த ஊர் என்பதொன்று அவர் குடும்பத்திற்கு இருந்ததுமில்லை. குதிரை பூட்டிய வண்டியே வீடாக, ஊர்தோறும் சென்று ஆடியும் பாடியும் கைவினைப் பொருள் விற்றும் வாழும் ரோமா இனத்தாருள் மனூஷ் என்னும் பிரிவினர் அவர்கள். ஈண்டுச் சொல்லாராய்ச்சியில் விருப்பமுடைய நம் வகுப்புத் தோழர்க்கு ஒன்று கூறலாம். ரோமா மக்களின் முன்னோர் ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுகட்கு முன்னர் இந்தியாவின் வடமேற்குப் பகுதியினின்று புறப்பட்டுச் சென்றோர் என்பதை அவர்தம் மொழியே காட்டிற்று என்பர் மொழிநூலார். மனூஷ் என்னும் அப்பெயரும், மனிதர் எனப் பொருள்படுவதோர் வடசொல்லோடு உறவுடையது. நாம் மனுஷர் என வழங்குவதும் அதன் கிளையே.

ஜாங்கோவின் தாயார் கூத்தாடுவதில் வல்லவர். தந்தையார் இசைக் கருவிகள் வாசிப்பவர். பாரிஸ் மாநகரின் மதிற்புறத்தே, ஏழைகளும் நாடோடிகளும் குடியிருந்த வெளியில் வண்டியை நிறுத்திக் குடும்பத்தார் தங்கியபொழுது, சிறுவராகிய ஜாங்கோ பள்ளியை எட்டியும் பார்த்தாரில்லை. எழுத்தறிவு வாய்க்கவில்லை, இசைக்குறிப்பைப் படிக்கும் அறிவு இறுதிவரையில் வாய்க்கவேயில்லை. பன்னிரண்டாம் வயதை ஒட்டி, பாஞ்சோவும் கித்தாரும் கலந்த கருவியொன்று அவர் கைக்கு வந்தது. பெரியோர் வாசிக்குங்கால் அவர்தம் விரல்களை உற்று நோக்குவதும், பின்னர்த் தனித்திருந்து அதனைச் செய்து பார்ப்பதுமே அவர் கற்ற கல்வி. சில திங்களில் பாரிஸ் நகரத்து நடனக் கூடங்களில் அக்கார்டியன் வாசிப்போர்க்குத் துணையாக ஊதியம் பெற்று வாசிக்கத் தொடங்கினார். அக்கூடங்களில் வழங்கிய வால்ஸ் என்னும் நடன இசையில், சுரக்கூட்டுகளைக் கலைத்து ஒவ்வொன்றாய்ச் சிதறவிடும் வழக்கம் மிகுதி. இதனை நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னர் இதற்கு வேலை உண்டு.

1928-இல் அவர் வாசிப்பு முதன்முறையாக இசைத்தட்டில் ஏறிற்று. தம் பெயர்க்கு எழுத்து இன்னதென்று கூற அறியாதவராகலின், தட்டில் அவர் பெயர் பிழைபட அச்சாயிற்று. அவ்வாண்டே, இங்கிலாந்தில் அக்காலத்துப் புகழ்பெற்று விளங்கிய இசைக்குழுத் தலைவர் ஜாக் ஹில்டன் என்பார், இப்பதினெட்டு வயது இளைஞரின் பெயரைக் கேள்வியுற்றுப் பாரிஸுக்கு வந்து, அவர் வாசிப்பைக் கேட்டுத் தம் குழுவிற் சேருமாறு அழைத்தார். வறுமை தீரும் காலம் வந்தது என்று குடும்பத்தார் மகிழ்ந்திருந்தனர்.

அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. 1928-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 2-ஆம் நாள் நள்ளிரவில், நடனக் கூடத்தில் வாசித்துவிட்டு ஜாங்கோ வண்டிக்குத் திரும்பினார். அவர்தம் இளமனைவியார் விற்பதற்காகச் செய்து வைத்திருந்த செயற்கைப் பூக்கள் வண்டி நிறையக் கிடந்தன. அவை செலுலாய்டால் ஆனவை. நெருப்பை முகர்ந்தாலே பற்றிக்கொள்ளும் தன்மையன. ஏதோ அரவங் கேட்டு மெழுகுதிரியைத் தூக்கிப் பார்த்தார் என்றும், அது கைதவறிப் பூக்களின்மேல் வீழ்ந்தது என்றும் கூறுவர். கண்ணிமைக்கும் முன்னர் வண்டி முழுவதும் அனற்குழம்பாயிற்று. மனைவியார் முதலில் வெளியேறினார். ஜாங்கோ போர்வையொன்றை இடக்கையாற் பற்றி உடலை மறைத்துக்கொண்டு தீயினூடே வந்து வீழ்ந்தார். உயிர் பிழைத்தது, ஆயினும் உடலிற் பாதி வெந்து போயிற்று. கால் ஒன்றை வெட்டி நீக்குதல் வேண்டும் என்று மருத்துவர் கூற, அதற்கு அவர் இசைந்தாரல்லர். கால் தப்பிற்று. இடக்கையின் மோதிர விரலும் சிறு விரலும் நரம்பு சுருங்கி உள்ளங்கை நோக்கி மடங்கி, மீண்டும் நிமிரும் ஆற்றலை இழந்தன. இனி இவர் கித்தார் தொடுதல் அரிது என்பதே மருத்துவமனையிற் பலர் கொண்ட முடிபு. ஹில்டன் குழுவிற் சேர்தல் என்பது கனவாய்க் கழிந்தது.

படுக்கையிற் கிடந்த தமையனார்க்கு, இளவலாகிய ஜோசப் புதிய கித்தார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். உடல் தேறுவதற்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு பிடித்தது. அவ்வொன்றரை ஆண்டில் ஜாங்கோ செய்தது யாது என்பதே இக்கட்டுரையின் உயிர்நிலை. ஆகலின் கித்தாரைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டியுளது. அக்கருவியை அறியாத அன்பர் பொறுத்தருள்க.

இடக்கையின் நான்கு விரல்களும் நலமாயுள்ள ஒருவர், கையைப் பெயர்க்காமல் ஓரிடத்தில் வைத்துக்கொண்டே, ஆறு நரம்புகளையும் கடந்து சுர வரிசையை மேலுங் கீழும் வாசித்துவிடலாம். விரலுக்கு ஒரு மெட்டாக நான்கு மெட்டுகள் அவர் ஆட்சிக்குள் அடங்கும். நரம்பொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று சுரங்கள். அடுத்த சுரம் எப்பொழுதும் அடுத்த விரலடியிலேயே காத்து நிற்கும். இதனினும் வசதி வேறில்லை. ஆனால் இவ்வசதியிலேயே ஓர் இடரும் உளது. விரல் தான் பழகிய வழியே ஓட, செவி அதன் பின்னே செல்லும். அடுத்த சுரம் ஏன் வந்தது என்று கேட்பின், அருகில் இருந்தமையால் வந்தது என்பதன்றி வேறு விடை இராது. என் விடுதி விழா வாசிப்பு முற்றும் இத்தகையதே.

சுட்டுவிரலும் நடுவிரலும் மாத்திரமே உடையவர்க்கு அவ்வழி அடைபட்டது. நரம்பொன்றுக்கு இரண்டு சுரம் தொட்டவுடன் கை முழுவதும் பெயர்ந்தாக வேண்டும். ஆகவே ஜாங்கோ குறுக்கே ஓடாமல், கழுத்தின் நீளத்திலே மூலைவாட்டாக ஓடக் கற்றார். கீழ்ச் சுரத்தில் தொடங்கி நரம்புக்கு இரண்டிரண்டாகத் தொட்டு ஏறும்பொழுதே கையும் உடலை நோக்கி நகர்ந்துகொண்டு வரும். மூன்று நொடியில் கருவியின் கடைசி மெட்டுகளை எட்டிவிடுவார். இங்ஙனம் ஓடுவோர்க்கு அடுத்தடுத்த சுரங்களினும், சுரக்கூட்டிற்குரிய தள்ளித் தள்ளி நிற்கும் சுரங்களே கைக்கு எளியன. நடனக் கூடத்து வால்ஸ் இசையிற் கேட்டுப் பழகிய, கூட்டைக் கலைத்து ஒலிக்கும் முறை இப்பொழுது பயன்பட்டது. மடங்கிய விரல்களும் முற்றும் வாளாவிருந்தனவல்ல. துணையிசை வாசிக்குங்கால் மேல் நரம்புகளிரண்டினை அவற்றால் ஒருவாறு அழுத்தினார். பெருவிரலைக் கழுத்தின் மேலாக வளைத்து அடிநரம்பை அழுத்துவதும் உண்டு.

தேறி எழுந்தபின் சில காலம் தம் இளவலோடு பிரான்சின் தென்கரை ஊர்களில் வாசித்துத் திரிந்தார். தூலோன் நகரில் எமில் சாவித்திரி என்னும் ஓவியர் அவர்களைத் தம் இல்லத்திற்கு அழைத்து, அமெரிக்காவினின்று வந்த ஜாஸ் இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டினார். லூயி ஆம்ஸ்ட்ராங் என்னும் நீக்ரோ இசைவாணர் ஊதிய எக்காளம் ஜாங்கோவின் நெஞ்சை உருக்கிற்று. எழுதிய பாட்டை எழுதியவாறே வாசியாது, அதன் சுரக்கூட்டுகளை மாத்திரம் அடிப்படையாகக் கொண்டு, அவ்வப்பொழுது தோன்றும் கற்பனையை வாசிப்பது ஜாஸ் முறை. நம் சங்கீத வித்துவான்கள் மனோதர்மம் என்பதை ஒருவாறு ஒத்தது எனலாம். குறிப்பைப் படிக்க அறியாத ஒருவர்க்கு அக்குறையே தடையாகாத இசை ஒன்று உலகில் உளது என்பதை ஜாங்கோ அன்று கண்டார்.

பாரிஸுக்கு மீண்டபின், 1934-இல் கிளாரிட்ஜ் என்னும் பெருவிடுதியில் நடன இசை வாசிக்கும் குழுவொன்றில் அமர்ந்தார். அக்குழுவில் வயலின் வாசித்தவர் ஸ்தெபான் கிராப்பெல்லி. நடனங்களுக்கு இடையே ஓய்வுப்பொழுதில் மேடைக்குப் பின்னே இவ்விருவரும் விளையாட்டாய் வாசிக்க, மற்றவரும் வந்து கூடினர். பாரிஸில் ஜாஸ் இசையைப் போற்றிய ஹாட் கிளப் என்னும் சங்கத்தார் இதனைக் கேட்டு ஆதரிக்க, அவ்வாண்டிறுதியில் ஐவர் குழு ஒன்று உருவாயிற்று. ஒரு வயலின், மூன்று கித்தார், நின்று வாசிக்கும் பெரிய பாஸ் ஒன்று. முழவும் இல்லை, ஊதுகருவியும் இல்லை. ஜாஸ் என்றாலே எக்காளமும் பறையும் என்று எண்ணியிருந்தோர் வியப்படைந்தனர். ஜோசப்பும் மற்றொருவரும் கித்தாரால் தாளத்தைத் தாங்க, ஜாங்கோவின் கித்தாரும் கிராப்பெல்லியின் வயலினும் அதன்மேல் உரையாடின. கித்தார் என்பது துணைக்கருவி என்ற கருத்து ஐரோப்பாவில் மாறியதற்கு இவ்வைவரே முதற்காரணர்.

இக்குழுவின் பதிவுகளுள் 1937-இல் எழுந்த மைனர் ஸ்விங் என்பதை எடுத்துக்கொள்வோம். அதன் முகப்பு, சுரக்கூட்டினைக் கலைத்து ஏறுவரிசையில் வைத்ததன்றி வேறன்று; அடிப்படைக் கூட்டுகளும் மிகச் சிலவே. ஒரு மாணவன் ஒரு மாலைக்குள் அதனைக் கற்றுவிடலாம். அதன்மேல் ஜாங்கோ எழுப்பிய கற்பனையோ பலமுறை கேட்டும் எனக்குத் தெவிட்டவில்லை. கேட்டுக் கேட்டு யான் கண்டவற்றுட் சிலவற்றைச் சொல்கிறேன்.

அவர் ஒரு சுரத்தை நோக்கிச் செல்லுங்கால் நேரே சென்று அதனைத் தொடுவதில்லை. அதற்கு மேலுள்ளதை ஒருமுறை தொட்டு, அதற்கு அரைச்சுரம் கீழே உள்ளதை ஒருமுறை தொட்டு, கேட்போன் மனத்தில் ஏக்கத்தை எழுப்பிய பின்னரே உரிய இடத்தில் அமர்வார். கீழ்ச்சுரம் பெரும்பாலும் அந்த வரிசைக்கே உரியதன்று. தனித்து நிறுத்தினாற் பிழையென்றே தோன்றும். சேரிடம் உறுதியாய்த் தெரிந்தமையால் வழியிற் பிழையும் அழகாயிற்று. மூன்று மூன்று மெட்டு இடைவெளியில் நிற்கும் நான்கு சுரங்களைக் கொண்ட கூட்டொன்று உண்டு. கையை அப்படியே மூன்று மெட்டு மேலே தள்ளினால் அதே நான்கு சுரங்களும் இடம் மாறி மீண்டும் கிடைக்கும். இரண்டு விரல் உடையவர்க்கு இது பெரும் புதையல். ஒரே கைவடிவை மேன்மேலும் தள்ளிக்கொண்டே போய், கேட்போர் மூச்சடைத்து நிற்கும் உயரத்திற்கு ஏற்றிவிடுவார். சில வேளைகளில் ஒரே விரலை ஒரே நரம்பில் வைத்துப் பன்னிரண்டு சுரங்களும் உராயும்படி அடிமுதல் முடிவரை இழுப்பார். அஃது அருவி விழுவது போலிருக்கும். பின்னர், கீழ்ச்சுரமும் அதன் மேல்ஸ்தாயிச் சுரமுமாக இரண்டினை ஒருங்கே அழுத்தி, ஒரு சிறிய மெட்டினை இரட்டைக் குரலில் முழக்குவார். இதற்கும் வேண்டுவன இரண்டு விரல்களே.

இவற்றினும் மேலானதாக எனக்குத் தோன்றுவது அவர் வாசியாது விடும் இடம். விரைந்த ஓட்டம் ஒன்றின் பின் அடி முழுவதும் வறிதே விட்டு, ஒற்றைச் சுரத்தை நரம்பை அசைத்து நடுங்கவிட்டுக்கொண்டே கேட்டிருப்பார். சுரவரிசையை மனப்பாடம் செய்தவர்க்கு வரிசை முடியுமுன் நிற்க மனம் வாராது. இது யான் அறிந்தவுண்மை.

நிற்க. விபத்தே ஜாங்கோவை மேதையாக்கிற்று என்று எழுதுவோர் பலர். கதைக்கு அஃது அழகுதான். எனினும் அதனை முற்றும் ஒப்புக்கொள்ள என் மனம் இசையவில்லை. ஹில்டன் கடல் கடந்து வந்து அழைத்தது தீக்கு முன்னரேயன்றோ? நான்கு விரலோடு வாசித்தபொழுதே அவர்பால் ஏதோ ஒன்று இருந்தது. தீ அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது எளிய வழியை, செவியை அன்று. எளிய வழி அடைபட்டமையால், ஒவ்வொரு சுரத்திற்கும் செல்லும் வழியை அவர் தாமே வெட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. வெட்டும் வலிமை முன்னமே உள்ளிருந்தது. இஃது என் கருத்து. மாறாகக் கருதுவோர் கருதுக.

அவ்வாண்டிலேயே நிகழ்ந்த வேறொன்றும் நம் பாடற்குழுவினர்க்குச் சுவை தருவதாம். இரண்டு வயலின்களுக்கெனப் பாக் இயற்றிய கச்சேரியின் முதற்பகுதியைக் கிராப்பெல்லியும், எடி சவுத் என்னும் அமெரிக்க நீக்ரோ வயலின் வாணரும் ஜாஸ் நடையில் வாசிக்க, பக்கவாத்தியக் குழு முழுவதற்கும் ஈடாக ஜாங்கோவின் ஒரு கித்தார் நின்றது. பாக் எழுதிய ஏட்டினைப் படிக்க அறியாதவர் அதனைச் செவியாலேயே பற்றினார்.

குணத்தில் ஜாங்கோ குறையற்றவர் என்று கூறுதல் பொய்யாகும். கையிற் பொருள் வந்தால் அன்றிரவே சூதிற் போகும். கச்சேரிக்கு வருவதாகச் சொல்லி மீன் பிடிக்கச் சென்றுவிடுவதும், பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் மூழ்கி மறந்துவிடுவதும் உண்டு. கிராப்பெல்லி கட்டுப்பாடும் ஒழுங்கும் விரும்புபவர். அவர் பட்ட பாடு பெரிது.

1939-ஆம் ஆண்டு செப்டம்பரில் உலகப்போர் மூண்டபொழுது ஐவர் குழு இலண்டனில் இருந்தது. கிராப்பெல்லி அங்கேயே தங்கினார்; ஜாங்கோ பிரான்சுக்குத் திரும்பினார். மறு ஆண்டு ஜெர்மானியர் பாரிஸைக் கைப்பற்றினர். நாஜிகள் ரோமா மக்களை யூதரைப் போன்றே அழிக்கத் துணிந்தோர். அவர் கையில் மாண்ட ரோமாக்கள் இலட்சக்கணக்கினர். பிரான்சிலும் நாடோடிகள் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அந்நாளில் ஜாஸ் இசையையும் நாஜியர் இழிந்ததெனப் பழித்தனர். இனத்தால் ரோமா, தொழிலால் ஜாஸ் என நின்ற ஜாங்கோ, ஜெர்மானியர் அமர்ந்து கேட்கும் பாரிஸிலேயே வாசித்து உயிரோடிருந்தது அவர் புகழால் என்றே சொல்ல வேண்டும். 1943-இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் செல்ல முயன்றும் எல்லை கடக்க இயலவில்லை.

வயலினுக்குப் பதிலாகக் கிளாரினெட்டைச் சேர்த்துக்கொண்டு, 1940-இல் அவர் பதிவு செய்தது நுவாஜ் என்னும் மெட்டு. மேகங்கள் என்பது பொருள். அஃது அடிமைப்பட்ட பாரிஸ் மக்களின் துயரையும் ஏக்கத்தையும் சொல்லாமற் சொல்லிற்று. தெருத்தோறும் அது பாடப்பட்டது. அதன் தொடக்கத்தைக் கேட்போர்க்கு ஒன்று விளங்கும்: அரைச்சுரம் அரைச்சுரமாய்ச் சறுக்கி இறங்கும் அவ்வரி எந்த வரிசைக்கு உரியது என்று சட்டென்று சொல்ல முடியாது. இளமையில் விரைவுக்காகக் கையாண்ட அரைச்சுரங்களை இப்பொழுது துயரைச் சொல்லக் கையாண்டார். தம் இனத்தார் பாடுதற்கென ஒரு திருப்பலி இசையை இயற்றவும் அந்நாட்களில் முயன்றார். தமக்கு எழுத வாராமையின், தாம் கித்தாரில் வாசிக்க, உடன் வாசித்த கிளாரினெட் வாணர் ஜெரார் லெவெக் ஏட்டில் எழுதிக்கொண்டார். அது முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. ஆலயமொன்றை நிலையாகச் சேராத மக்களுக்கு ஆலய இசை செய்ய விரும்பிய அவ்வுள்ளத்தை எண்ணுந்தோறும் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

போர் முடிந்தபின், 1946-இன் இறுதியில் டியூக் எல்லிங்டன் தம் பெருங்குழுவோடு அமெரிக்காவிற் சுற்றி வாசிக்குமாறு ஜாங்கோவை அழைத்தார். அவர் தம் கித்தாரைக் கூட எடுத்துச் செல்லாமற் புறப்பட்டார். அமெரிக்கக் கருவி செய்வோர் தமக்குப் பரிசாக அளிக்கப் போட்டியிடுவர் என்பது அவர் எண்ணம். ஒருவரும் போட்டியிடவில்லை. மின்விசையால் ஒலி பெருக்கும் புதிய கித்தார் ஒன்றை வாங்கி வாசிக்க நேர்ந்தது. நியூயார்க்கில் கார்னெகி மண்டபத்தில் இரண்டு இரவுக் கச்சேரி. முதலிரவு மக்கள் ஆர்ப்பரித்தனர். இரண்டாம் இரவு, பிரெஞ்சுக் குத்துச்சண்டை வீரர் ஒருவரைக் கண்டு பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கச்சேரி முடியுந் தறுவாயிலே வந்து சேர்ந்தார். மனமுடைந்து மறு ஆண்டு தொடக்கத்தில் ஊர் திரும்பினார்.

ஆனால் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. அமெரிக்க இளைஞர் அந்நாளிற் படைத்துக்கொண்டிருந்த பீபாப் என்னும் கடிய நடையை அவர் செவி பற்றிக்கொண்டது. முப்பத்தாறு வயதில், உலகமே தம்மைப் பின்பற்றும் காலத்தில், அவர் மீண்டும் மாணவராயினார். மின்கித்தாரிற் சுரங்கள் நெடிது நிற்கும் ஆகலின் பழைய நடுக்கங்களையும் உருட்டல்களையும் குறைத்தார், வாக்கியங்கள் நீண்டன, எதிர்பாரா இடத்தில் தொடங்கி எதிர்பாரா இடத்தில் முடிந்தன. பழைய ஐவர் குழுவின் இனிமையையே விரும்பிய அன்பர் பலர் முகஞ்சுளித்தனர்.

இன்றும் ஜாங்கோவின் நடையை அப்படியே வாசிக்க முயல்வோர் பல நாடுகளில் உளர். அவர் வரிகளைத் தட்டினின்று ஒவ்வொரு சுரமாய்ப் பெயர்த்தெழுதி மனப்பாடம் செய்வர். அவர் வாசித்த ஸெல்மர் வகைக் கித்தாரையே தேடி வாங்குவர். யானும் அப்பித்துக்கு ஆளானவனே. ஒருநாள் கைக்குட்டையால் என் மோதிர விரலையும் சிறு விரலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். அறைத்தோழர் சிரித்தார். அரை மணி நேரம் ஒன்றும் வரவில்லை. வரிசை ஓட இடமில்லாமையின் ஒரு சுரத்தில் நின்று, அடுத்து எங்கே போவது என்று எண்ண வேண்டியிருந்தது. ஈராண்டில் அன்றுதான் முதன்முறையாக அவ்வாறு எண்ணினேன். மறுநாள் மனப்பாடம் செய்த ஜாங்கோ வரியொன்றை அதே கட்டோடு வாசித்தேன். அது நன்றாய்த்தான் வந்தது, ஆனால் மீண்டும் வாய்பாடே. அதன்பின் கட்டை அவிழ்த்துவிட்டேன்.

1965-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்த டோனி அயோமி என்னும் இளைஞர்க்கு எந்திரத்திற் சிக்கி வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகள் போயின. அவர் இடக்கை வழக்கமுடையவர். நரம்பை அழுத்தும் கை அதுவே. சோர்ந்திருந்த அவர்க்குத் தொழிற்சாலை மேலாளர் ஜாங்கோவின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்பித்தார். அயோமி ஜாங்கோவைப் போல வாசிக்கத் தொடங்கினாரல்லர். விரல் நுனிகளுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு, நரம்புகளைத் தளர்த்தி, கனத்த இருண்ட ஒலியொன்றைக் கண்டார். பிளாக் சாபத் என்னும் அவர் குழுவினின்று புதியதோர் இசைவகையே கிளைத்தது. இருவர் வாசிப்பிலும் ஒரு சுர வரியேனும் ஒத்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் ஜாங்கோவின் உண்மை மாணவர் என்று ஒருவரைச் சுட்டச் சொன்னால், தட்டைப் பெயர்த்தெழுதுவோர் பலரையும் விடுத்து இவரையே சுட்டுவேன்.

1951-இல் ஜாங்கோ, பாரிஸுக்குத் தென்கிழக்கே ஸேன் ஆற்றங்கரையில் ஸமுவா என்னும் சிற்றூரில் வீடெடுத்துத் தங்கினார். மீன் பிடித்தலும் ஓவியம் தீட்டலும் பில்லியர்ட்ஸுமாகப் பொழுது போயிற்று. அவ்வப்பொழுது பாரிஸ் சென்று வாசித்துவந்தார். தலைவலியும் விரல் விறைப்பும் தோன்றியும் மருத்துவரைக் காண மறுத்துவிட்டார். மருத்துவமனை என்றால் பழைய நினைவு போலும். 1953-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் கடைசிப் பதிவு. பியானோ வாசித்த மார்சியல் சொலால் இருபத்தைந்து வயது இளைஞர். அப்பதிவைக் கேட்போர்க்கு, இருவருள் இளையவர் எவர் என்ற ஐயம் எழாமற்போகாது.

மே 16-ஆம் நாள் சனிக்கிழமை. பாரிஸில் வாசித்துவிட்டுத் திரும்பியவர், அவோன் நிலையத்தினின்று ஸமுவாவுக்கு நடந்து வந்தார். வீட்டை அணுகியபொழுது மூளையிற் குருதி கசிந்து வீழ்ந்தார். மருத்துவர் வந்து சேர நெடுநேரமாயிற்று. ஃபோந்தென்புளோ மருத்துவமனையை அடையுமுன் உயிர் நீங்கியிருந்தது. வயது 43. ஸமுவாவின் இடுகாட்டில் அடக்கம் செய்தனர். ஒன்பது வயது நிரம்பாத மகன் பாபிக் பின்னாளிற் கித்தார் வாசிப்பவரானார். தந்தையின் நடையில் அன்று, தம் நடையில்.